அஸருக்குப் பிறகு வெளுக்கும் திரை

என் மேசையில் இருக்கிற திரை இன்று காலையும் மஞ்சளாகத்தான் விடிந்தது. வெள்ளைக் கடதாசி போலத் தெரிய வேண்டிய இடமெல்லாம் பழைய சாம்பார்க் கறை படிந்த வேட்டி மாதிரி. கல்யாண அல்பத்துக்கு முகப்புப் படம் செய்யக் கொடுத்தவர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார், ஒரு நிமிஷம் பார்த்தார், "பொண்ணுக்கு ஏங்க காய்ச்சக்காரி மாதிரி மூஞ்சி?" என்று கேட்டார். "படம் நல்லாத்தான் இருக்கு, திரைதான் இப்படி. பின்னேரம் வாங்க, சரியா இருக்கும்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். பின்னேரம் சரியாகிவிடுகிற கொம்பியூட்டரை அவர் எங்கே கண்டிருக்கப் போகிறார்? திரையின் மேலே நடுவில் சின்ன எழுத்தில் மணி ஓடுகிறது. மாத்தளையில் காலை பத்து மணி. அதில் நள்ளிரவு தாண்டிவிட்டது. பக்கத்தில் ஒரு பீரிசுத் தட்டில் கொஞ்சம் வசவாசி, சாதிக்காயின் பத்திரி, கிடக்கிறது, காய்ந்து சுருண்டு, சிவப்பாக. இந்த மூன்றையும், மஞ்சளையும் மணியையும் வசவாசியையும், நான் மாற்றவில்லை. மாற்ற எவ்வளவு நேரமாகும் என்று கேட்டால் தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துவிடும். ஆனால் தாத்தா தொடாதே என்றது காதிலேயே நிற்கிறது.

தாத்தா என்றால் கிழவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எங்கள் வீட்டிலேயே இந்தக் குழப்பம் நடந்தது. நான் இரத்தோட்டைக்கு மேலே தோட்டத்தில் பிறந்தவன். எங்கள் லயன் வீடுகளில் தாத்தா என்றால் அப்பாவின் அப்பா. மாத்தளை டவுனில் முஸ்லிம் வீடுகளில் தாத்தா என்றால் மூத்த சகோதரி. நான் டவுனில் கடை போட்ட புதிதில், "தாத்தாவோட கடைக்குப் போயிட்டு வர நேரமாகும்" என்று வீட்டுக்குப் போன் பண்ணினேன். அம்மா பதறிப்போய், "எந்தத் தாத்தாடா? அவரு போய்ச் சேர்ந்து எத்தனை வருஷமாச்சு!" என்றாள். இந்தக் கதையைத் தாத்தாவிடம் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பில் தராசுத் தட்டே ஆடியது. "அப்ப நான் ஒங்க ஊட்டு மௌத்தான மனிசன்" என்றார். அதற்குப் பிறகு அம்மாவைப் பற்றி விசாரிக்கும்போதெல்லாம், "மௌத்தானவர் ஸலாம் சொன்னாருண்டு செல்லுங்க" என்பார்.

எங்கள் தெருவில் வாசனைச் சரக்கு வாங்கி விற்கும் கடை அவருடையது. கணவர் இருந்த காலத்தில் அவர் முன்னே உட்கார்ந்திருப்பார், தாத்தா உள்ளே சரக்குத் தரம் பிரிப்பார். அவர் மௌத்தான பிறகு தாத்தா முன்னே வந்தார், ஆனால் உட்காரவில்லை. அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே அபூர்வம். பல்லேபொலைப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களிலிருந்து மிளகு, கராம்பு, சாதிக்காய் கொண்டு வருகிற ஆட்களோடு சிங்களத்தில் பேசிக்கொண்டே நடப்பார். ஒரு காதில் போன், ஒரு கையில் ஏதாவது ஒரு காய். நின்ற இடத்தில் நிற்கமாட்டார். "குந்தினா யோசனை வரும் தம்பி, யோசனை வந்தா மகன் வருவான்" என்று ஒருநாள் சொன்னார். மகன் கனடாவில் இருந்தான். ஒரே பிள்ளை. படிக்கப் போனவன் அங்கேயே வேலை எடுத்துக்கொண்டான். பகல் வேலை, ஓஃபிஸ், நல்ல இடம் என்று தாத்தா சொல்வார். வாரத்தில் சில நாள், பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் அவனுக்குப் போன் எடுப்பார். அங்கே அது விடிகாலை. அவன் கொட்டாவி விட்டபடி பேசுவான். "எழும்பி இன்னும் முகம் கழுவல்ல, பாருங்களே" என்று எங்களிடம் காட்டி, பெருமையாகக் குறைப்படுவார். அவனும் இரண்டு வார்த்தையில், "உம்மா, மறுகா பேசுறேன்" என்று வைத்துவிடுவான். ஓஃபிஸுக்கு ஓட வேண்டாமா?

அவன் பாவித்த பழைய கொம்பியூட்டர்தான் இப்போது என் மேசையில் இருக்கிற இந்தச் சின்னப் பெட்டி. புதிது வாங்கியதும் இதை, ஊருக்கு வந்த ஒரு சொந்தக்காரரின் பெட்டிக்குள் வைத்து உம்மாவுக்கு அனுப்பியிருந்தான். திரையை மட்டும் இங்கே வாங்கினார்கள். அதில் விண்டோஸ் இல்லை, லினக்ஸ். தெருவில் இரண்டு பேர் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் அழிச்சிட்டு விண்டோஸ் போட்டுத் தாறோம்" என்றார்களாம். "என்ட மகன் வச்ச சாமான அழிக்க ஒங்கள நான் கூப்புடல்ல" என்று தாத்தா அனுப்பிவிட்டார். நான் படிப்பு என்று எதையும் சான்றிதழோடு படித்தவனில்லை. பழுதான பெட்டிகளைக் கழற்றி, யாராவது எங்காவது எழுதிவைத்ததை இரவல் ஆங்கிலத்தில் வாசித்து, லினக்ஸோடு ஒரு மாதிரி சினேகமாகியிருந்தேன். அதனால் என்னைக் கூப்பிட்டார். நான் பெட்டியை மூட்டி எல்லாம் சரி பார்த்து, மேலே ஓடுகிற மணி தப்பாக இருக்கிறதே என்று மௌஸை அங்கே கொண்டு போனேன்.

"அந்த மணிக்கூட்ட மட்டும் தொடாதீங்க!"

கூப்பாடு கேட்டு நான் மௌஸை விட்டே கையை எடுத்துவிட்டேன். "அது பிழையில்ல தம்பி. அது மகன்ட மணி. அவன் இப்ப தூங்குறான், இப்ப எழும்புவான், இப்ப பஸ்ஸுக்கு நிக்கிறான், எல்லாம் நான் அதப் பாத்துத்தான் செல்லுறது. மாத்தளை மணி பார்க்க எனக்குப் பள்ளிவாசல் ஈக்கி" என்றார். நான் விட்டுவிட்டேன். தாயொருத்தி தன் திரையில் எந்த ஊர் மணியை வைத்தால் நமக்கென்ன?

கோளாறு சாதிக்காய்ப் பருவத்தில் தொடங்கியது. சாதிக்காயை உடைத்தால் உள்ளே கொட்டையைச் சுற்றிச் சிவப்பு வலை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் பத்திரியைத்தான் நாங்கள் வசவாசி என்போம். கொட்டையைவிட அதற்குத்தான் மவுசு. காய்ந்த பிறகும் சிவப்பு மாறாமல் இருந்தால் நல்ல சரக்கு, வெளிறிப்போனால் பழசு அல்லது மழையில் நனைந்தது. தாத்தாவின் வசவாசி சிவப்பு என்று பெயர் எடுத்தது. நிழலில் போட்டு, மணிக்கொரு தரம் புரட்டி, யாரையும் தொடவிடாமல் காயவைப்பார். அதைக் கொழும்பில் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிறவரை எல்லோரும் ஹாஜியார் என்பார்கள். தாத்தாவின் கணவர் காலத்திலிருந்து வருகிற கொடுக்கல் வாங்கல். முன்பெல்லாம் போனில் படம் எடுத்து அப்படியே அனுப்புவார். இந்தக் கொம்பியூட்டர் வந்த பிறகு, மகன் சொல்லிக்கொடுத்தபடி படத்தைப் பெரிதாகத் திறந்து பார்த்தார். வெள்ளைத் துணியில் பரப்பிய வசவாசி. துணி மஞ்சளாகத் தெரிந்தது. "போன் கமராவுக்குக் கண்ணு சரியில்ல" என்று முடிவுகட்டி, நிறத்தைக் கூட்டிக் குறைக்கிற கோட்டைப் பிடித்து இழுத்து, படத்துத் துணியும் கையிலுள்ள துணியும் ஒரே வெள்ளையாகத் தெரியும்வரை திருத்தினார். உள்ளங்கையில் ஒரு வசவாசியை வைத்துத் திரையோடு ஒட்டிப் பிடித்து ஒப்பிடுவார். அவர் கண்ணில் பிழையில்லை. மஞ்சள் திரையை வைத்து வெள்ளையைத் தேடினால் படத்துக்குள் நீலத்தைத்தானே ஊற்ற வேண்டும்? கொழும்பில் அந்தப் படம் போய்ச் சேர்ந்தபோது வசவாசி செத்துப்போன நிறத்தில் இருந்திருக்கிறது.

"இது போன வருஷத்துச் சரக்கா?" என்று ஹாஜியார் கேட்டிருக்கிறார். தாத்தாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "சாக்கு வருது, பாத்துட்டுப் பேசுங்க" என்று லொறியில் ஏற்றிவிட்டார். சாக்கை அவிழ்த்தபோது உள்ளே செக்கச் சிவப்பு. வேறு யாருக்கும் இது சந்தோஷமான செய்தி. ஹாஜியார் ஏற்றுமதிக்காரர். வெளிநாட்டுக்காரன் சாயத்தைக் கண்டுபிடித்தால் கப்பலோடு திருப்பி அனுப்புவான் என்ற பயத்திலேயே வயதானவர். படத்தில் வெளிறிக் கிடந்தது சாக்கில் சிவந்து வந்தால் அவர் என்ன நினைப்பார்? போனில் அவர் கத்தவில்லையாம். மெதுவாகத்தான் கேட்டாராம்: "மௌத்தாப் போன அந்த மனிசன்ட பேருல இதச் செய்ய மனசு வந்திச்சா?" சாக்கு திரும்பி வந்தது. தாத்தா ஒரு கைப்பிடி வசவாசியை நனைத்து வெள்ளைத் துணியில் தேய்த்து, சாயம் ஒட்டாததை வீடியோ எடுத்து அனுப்பினார். "வீடியோவில எதையும் காட்டலாம்" என்று ஒரு வரி வந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் நான் போனபோது தாத்தா வழக்கத்தைவிட வேகமாக நடந்துகொண்டிருந்தார். "தம்பி, களவெடுத்தேன்டு செல்லியிருந்தாக்கூட வாயக் கழுவிட்டுப் போயிருப்பேன். சாயம் போட்டேன்டு செல்லிட்டாரு. இந்தத் தெருவில ஒருத்தரும் இனி என்ட சாக்க மூக்குக்கிட்டக் கொண்டு போகாம வாங்க மாட்டாங்க. போன்ல அதே துணி வெள்ளையாத்தான் ஈக்கி, இந்த எழவெடுத்த கொம்பியூட்டருக்குத்தான் காமாலை. அத மட்டும் குணமாக்கித் தாங்க, மிச்சத்த நான் பாக்குறேன்."

நான் காமாலைக்கு வைத்தியம் பார்க்கத் தொடங்கினேன். என் கடையை மூடிவிட்டுத்தான் போக முடியும், ஆகவே போவதெல்லாம் பின்னேரம். முதல் நாள் கேபிளைச் சந்தேகப்பட்டேன். ஊசிகளில் ஒன்று வளைந்தாலோ தளர்ந்தாலோ ஒரு நிறம் விழுந்துபோகும், நிறைய இடத்தில் கண்டிருக்கிறேன். புதுக் கேபிள் போட்டேன். திரை பால் மாதிரி. "குணமாகிடிச்சு தாத்தா" என்று பெரிய மனிதனாக விடைபெற்றேன். காலையில் போன்: "காமாலை திரும்பிடிச்சு." அடுத்த தடவை திரையின் கீழே இருக்கிற பொத்தான்களை அமுக்கி, சிவப்பு, பச்சை, நீலம் எல்லாவற்றையும் கடையில் வாங்கியபோது இருந்த அளவுக்குக் கொண்டுவந்தேன். பால் மாதிரி. காலையில் போன். அதற்கடுத்து, இந்தத் திரை எந்த நிறத்தை எப்படிக் காட்ட வேண்டும் என்று லினக்ஸ் தனக்குள் எழுதி வைத்திருக்கிற கோப்பைத் தேடிப் பிடித்து நீக்கினேன். அதைப் பற்றி வாசித்த பெருமையில் தாத்தாவுக்குப் பெரிய விளக்கமும் கொடுத்தேன். காலையில் போன்.

எனக்குள்ளே ஒரு எரிச்சல் புகுந்துகொண்டது. சோறு உண்ணும்போதும் அந்த மஞ்சள்தான். நான் கண்ணால் காணாத மஞ்சள்! நான் போகும்போது அது இருப்பதில்லை. தாத்தாவின் கண்ணில்தான் ஏதோ இருக்கிறதோ என்றுகூட ஒரு நினைப்பு. அதை மெல்லக் கேட்டும் பார்த்தேன். அவர் ஒரு கைப்பிடி மிளகை அள்ளி, "இதில பப்பாசிக் கொட்டை எத்தினை கலந்திருக்குண்டு செல்லட்டா?" என்றார். அப்போது அவர் எரிச்சலோடு சொன்ன ஒரு வார்த்தை, அதுவரை பல தடவை சொன்னதுதான், நான் சிரித்துவிட்டுக் கடந்ததுதான்: "அது பொல்லாத சாமான். அஸருக்குப் பொறகுதான் அதுக்குப் புத்தி வரும். நீங்க வாறது அதுக்குத் தெரியும்."

மனிதர்கள் சொல்கிற வார்த்தைகளைப் பொறுக்கிச் சேர்ப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்து உள்ள பைத்தியம். தாத்தா சொன்னவை மட்டும் ஒரு மூட்டை இருக்கும். ரசிப்பதற்கென்று சேர்த்தேனே தவிர, அதற்குள் செய்தி இருக்கும் என்று நினைக்கவில்லை. அந்த வார்த்தை முழுக்க முழுக்க உண்மையாக இருந்தது.

பௌர்ணமி போயா விடுமுறைக்கு என் கடை பூட்டு. காலையிலேயே போனேன். தெரு ஆறிக்கிடந்தது. தாத்தா உள்ளே சாதிக்காய் உடைத்துக்கொண்டிருந்தார், நான் வந்த நேரத்தைப் பார்த்து, "காமாலைய இன்டைக்குக் காங்கலாம்" என்றார். கண்டேன். திரை முழுவதும் மஞ்சள், தாத்தா சொன்னதற்கு ஒரு சொட்டும் குறைவில்லை. அவரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, திரையில் தெரிவதை அப்படியே பிடிக்கிற படம் ஒன்றை, அதுதான் ஸ்கிரீன்ஷொட், எடுத்து என் போனுக்கு அனுப்பிப் பார்த்தேன். போனில் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. அப்படியானால் படத்திலும் இல்லை, கோப்பிலும் இல்லை. காட்டுகிற கடைசி இடத்தில் யாரோ மஞ்சள் கண்ணாடி பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். யார்? நான் எதையும் தொடவில்லை. தாத்தா வீட்டில் சோறு கொடுத்தார், தின்றுவிட்டு வந்து மறுபடி அதன் முன்னால் உட்கார்ந்தேன். காத்திருப்பது எனக்கு வராத வேலை, காலை ஆட்டிக்கொண்டே இருந்தேன். தாத்தா போகும்போதும் வரும்போதும், "குஞ்சு பொரிக்குதா?" என்று கேட்டார்.

பொரித்தது. எப்போது தொடங்கியது என்று சொல்லத் தெரியாது. மழைக்கால வானம் வெளுக்கிற மாதிரி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே தெரியாமல், மஞ்சள் வடிந்துகொண்டிருந்தது. பள்ளியில் அஸர் பாங்கு சொல்லத் தொடங்கியபோது திரை பால் மாதிரி. நான் மேலே பார்த்தேன். தொடாதே என்ற அந்த மணி. அதில் விடிகாலை ஆறு.

கனடாவில் பொழுது விடிந்திருந்தது. லினக்ஸில் ஒரு வசதி உண்டு, நைட் லைட் என்பார்கள். இரவில் திரையின் நீல வெளிச்சம் கண்ணை உறுத்தாமலிருக்க, குறித்துவைத்த மணிக்குத் தானாக மஞ்சளாகி, விடிந்ததும் தானாக வெளுத்துவிடும். பெட்டி மாத்தளையில் இருந்தாலும் அதன் மணி கனடாவில் இருந்தது. அங்கே இருட்டும்போது, இங்கே விடிகாலை ஸுபஹ் பாங்கோடு, அது மஞ்சள் போர்வையை இழுத்துப் போர்த்துக்கொள்ளும். நம் பகல் முழுக்க அதற்கு இரவு. நான் போய் நின்ற பின்னேரங்களிலெல்லாம் அதற்கு விடிந்து வெகு நேரம். நான் மாற்றிய கேபிளும் அமுக்கிய பொத்தானும் நீக்கிய கோப்பும் ஒன்றும் செய்யவில்லை. விடியல்தான் ஒவ்வொரு தடவையும் குணப்படுத்தியது, பேரை நான் எடுத்துக்கொண்டேன்.

தாத்தாவிடம் சொன்னபோது அவர் நடப்பதை நிறுத்தினார். கையிலிருந்த சாதிக்காயைக் கீழே வைத்தார். "அப்ப இந்த மஞ்சள் என்ட மகன்ட ராத்திரியா?" என்றார். ஏதோ சீதனம் வந்து இறங்கின மாதிரி முகம். நான் அந்த வசதியை அணைக்க மௌஸை எடுத்தேன். "ஹாஜியார் வந்து கண்ணால பார்க்காம அணைக்கப்படாது" என்று தடுத்துவிட்டார். அதுவும் சரி. அணைத்துவிட்டால் சாட்சி போய்விடும்.

ஹாஜியார் மாத்தளைக்கு வருகிற வழக்கம் உண்டு. மிளகு பார்க்க வந்தவரைத் தாத்தா ஆள் அனுப்பி அழைத்தார். அவர் மத்தியானத்துக்குப் பிறகு வந்தார், வெள்ளை ஜுப்பா, கையில் குடை. உட்காரச் சொன்னபோது, "நேரமில்ல" என்றபடியே உட்கார்ந்தார். தாத்தா என்னைக் கூப்பிட்டார். திரையில் வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்துவைக்கச் சொன்னார். திரைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பீரிசை நிறுத்தினார், அதில் திரும்பி வந்த சாக்கிலிருந்து ஒரு பிடி வசவாசி. "ரெண்டும் ஒரே வெள்ளையா, பாருங்க." ஹாஜியார் பார்த்தார். "திரை மஞ்சள்." "நல்லது. நான் இதப் பாத்துத்தான் படத்தத் திருத்தினது. அஸர் மட்டும் பொறுங்க."

அந்தக் காத்திருப்பை என்னால் மறக்க முடியாது. ஹாஜியாருக்குப் பிளேன்டீ வந்தது, அவர் தொடவில்லை. தாத்தா வாசலுக்கும் மேசைக்கும் நடந்தார். இன்றைக்கென்று பார்த்து இது வெளுக்காமல் போனால் என்ன செய்வது? பெட்டியைப் போல நன்றி கெட்ட சாமான் உலகத்தில் இல்லை என்பது என் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். கொஞ்ச நேரத்தில் ஹாஜியார் முன்னே குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். பீரிசை எடுத்துத் திரையில் ஒட்டி வைத்தார். பள்ளியில் பாங்கு கேட்டபோது பீரிசின் விளிம்பு எங்கே முடிகிறது, திரை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. தாத்தா அனுப்பின பழைய படத்தை நான் திறந்தேன். நீலம் பாய்ந்த, செத்த வசவாசி. திருத்தாத படத்தைத் திறந்தேன். பீரிசில் கிடந்த அதே சிவப்பு.

ஹாஜியார் பீரிசைக் கீழே வைத்தார். பிறகு, "சாயம் திரையில ஈந்திருக்கு, சாக்கில இல்ல" என்றார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. ஆனால் ஆறிப்போன பிளேன்டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார், அதை எங்கள் தெருவில் மன்னிப்பாகத்தான் எடுத்துக்கொள்வோம். "சாக்க நாளைக்கே அனுப்புங்க. நான் பேசினத மறந்துடுங்க." தாத்தா சிரித்தார், அன்றுதான் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் பெருமையாக, "என்ட மகன்ட பெட்டி. அங்க ராத்திரியானா இங்க மஞ்சளாகும். அவன் தூங்குறத இதுவே எனக்குக் காட்டித் தருது" என்றார்.

"தூங்குறதா?" என்றார் ஹாஜியார். கெட்ட எண்ணமில்லை, ஏற்றுமதிக்காரரின் புத்தி எதையும் புரட்டிப் பார்க்கும். "தூங்குற மனிசனுக்கு மஞ்சள் திரை எதுக்கு? முழிச்சிருக்கிறவனுக்குத்தானே கண்ணு வலிக்கும்? மகன் பகல் வேலையிண்டு செல்லல்லயா?"

தாத்தா என்னைப் பார்த்தார். எனக்கும் அதுவரை அது தோன்றவேயில்லை. அந்த வசதி எந்த மணியிலிருந்து எந்த மணிவரை என்று குறித்தவன் மகன்தான். இருட்டியதிலிருந்து விடியும்வரை. அவ்வளவு நேரமும் திரைக்கு முன்னால் இருக்கிறவன்தான் அப்படிக் குறிப்பான். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், "சில பேர் சும்மாவும் வைப்பாங்க தாத்தா" என்றுகூடச் சொன்னேன் போல. அவர் கேட்கவில்லை. எழுந்துவிட்டார். பெயர் திரும்பி வந்து ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரம்கூட அவர் உட்கார்ந்திருக்கவில்லை.

அன்று அவர் மகனிடம் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. அடுத்த நாள் கடைக்குப் போனபோது சாக்கு லொறியில் ஏறிக்கொண்டிருந்தது. தாத்தா பக்கத்தில் நின்று அதைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். "பகல்லதான் தூங்குறானாம், தம்பி" என்றார். "அறையிலயே குந்தி ராத்திரி முழுக்க கொம்பியூட்டர்ல வேலையாம். நான் கவலைப்படுவேண்டு செல்லல்லயாம்." கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் கொட்டாவி..." என்று தொடங்கி நிறுத்திவிட்டார். எழும்பின கொட்டாவி என்று அவர் எங்களுக்குக் காட்டியதெல்லாம் படுக்கப் போகிற கொட்டாவி. தூங்கப் போகிற பிள்ளையை ஒவ்வொரு தடவையும் அஸர் முடிந்ததும் முழிக்க வைத்துப் பேசியிருக்கிறார். ஓஃபிஸுக்கு நேரமாகிவிட்டது போ மகன் என்று இவரே அவசரப்படுத்தியும் இருக்கிறார்.

இனி நைட் லைட்டை அணைக்கட்டுமா என்று கேட்டேன். "அணைக்க வேணாம். படத்த நான் அஸருக்குப் பொறகு பாத்துக்கொள்ளுறேன்" என்றார். ஹாஜியாருக்கு அதற்குப் பிறகு போன படங்களெல்லாம் அப்படித்தான் போயின. ஆனால் காலை நேரங்களில் நான் அந்தப் பக்கம் போனால், மஞ்சள் திரைக்கு முன்னால் ஒரு வேலையும் இல்லாமல் நின்றுகொண்டிருப்பார். முன்பு மணியைப் பார்த்து, இப்போது தூங்குகிறான் என்று நிம்மதியாக அந்தப் பக்கம் போய்விடுவார். இப்போது போக முடியவில்லை. முழித்திருக்கிறான் என்று தெரிந்த பிறகு எப்படிப் போவது? இரண்டு பருவம் அப்படி நின்று பார்த்தார். பிறகு கடையைக் கொழுந்தனாரிடம் கொடுத்துவிட்டு, விசாவுக்கு அலைந்து, போய்விட்டார். "அவன்ட திரைய நான் பக்கத்தில குந்திப் பார்க்கணும்" என்றார், அவ்வளவுதான் காரணம். போகிற அன்று பெட்டியை என் கடைக்குக் கொண்டுவந்து வைத்தார். பீரிசில் ஒரு பிடி வசவாசியும். "நெறம் சந்தேகம் வந்தா இத வச்சுப் பாருங்க. மணிக்கூட்ட மட்டும் தொடாதீங்க."

ஆகவே இன்று காலையும் மஞ்சள். கல்யாணக்காரர் போன பிறகு நான் வேறு வேலையில் கையை வைத்தேன், ஓடவில்லை. வேறு கொம்பியூட்டர் இருக்கிறது, அதில் செய்யலாம், ஆனாலும் அந்த மணியைத்தான் கண் தேடுகிறது. இப்போது அங்கே இரவு, தாத்தா தூங்குவார் என்று நானும் அவரைப் போலவே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போது போன் அடித்தது.

"தம்பி, மஞ்சளா வெள்ளையா?"

"மஞ்சள்தாங்க தாத்தா. நீங்க இன்னும் படுக்கலையா?"

"எப்படிப் படுக்க? இங்க அவன் முழிச்சிட்டிருக்கான்ல. தேத்தண்ணி ஊத்திட்டு வந்தேன். இவன்ட திரையும் அந்த மஞ்சள்தான்." பின்னால் விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது. "உம்மா, போய்ப் படுங்களேன்" என்று ஒரு ஆண் குரல். தாத்தா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "மௌத்தானவர் ஸலாம் சொன்னாருண்டு அம்மாட்ட செல்லுங்க. மறுகா, அந்த வசவாசி நெறம் மாறிட்டா?"

பீரிசை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தேன். அந்த மஞ்சள் வெளிச்சத்தில் அது என்ன நிறமென்று எனக்கு உண்மையில் சொல்லத் தெரியவில்லை. வாசலுக்குக் கொண்டு போய் மாத்தளை வெயிலில் பிடித்துப் பார்த்தேன்.

"இல்ல தாத்தா," என்றேன். "சிவப்புத்தான்."